நுவல்வோன் இல்லாத நூல்: ஜேர்மன் சிறைக்கல்விச் சட்டத்தில் ஆசிரியரின் இடம்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஐந்து பொருள்களாக வகுத்துக்கொண்டார். நூலின் இயல்பு முதலில் வருகிறது. அடுத்து ஆசிரியரின் இயல்பும், அதன்பின் கற்பிக்கும் முறையும் வருகின்றன. மாணாக்கரின் இயல்பு நான்காவதாகவே பேசப்படுகிறது. பாடங்கேட்கும் முறை இறுதியில். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு இந்நூலைப் பாடங்கேட்ட என் தலைமுறைக்கு இப்பகுதி மனனத்துக்குரியதாக இருந்ததேயன்றிச் சிந்தனைக்குரியதாக இருக்கவில்லை. ஆயினும் இவ்வரிசை தற்செயலானதன்று. கொள்வோனைப் பற்றிப் பேசுமுன் நுவல்வோனைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்பது கல்வி குறித்த ஒரு திட்டமான நிலைப்பாடு. அந்நிலைப்பாட்டை அளவுகோலாகக் கொண்டு, நான் வாழும் நாடாகிய ஜேர்மனியின் சிறைக்கல்விச் சட்டத்தை ஒரு பனுவலாக வாசித்துத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாய்வு மாநாடொன்றில் பிறநாட்டுச் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். சிறையைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சிறையில் கற்றதைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. சிறையில் ஊதியம் பெற்றுக் கற்பிப்பவரைப் பற்றி நாம் ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. இந்த மௌனம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஜேர்மன் சட்டம் தெளிவாகக் காட்டுகிறது. மிக நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட ஒரு நூலிலும் ஆசிரியர் எவ்வாறு காணாமற்போகிறார் என்பதை அதில் பிரிவு பிரிவாகப் பின்தொடர முடிகிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

மேற்கு ஜேர்மனியில் 1976 மார்ச் 16இல் இயற்றப்பட்டு 1977 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சிறைத்தண்டனை நிறைவேற்றச் சட்டம் அக்காலத்துக்கு முற்போக்கானது. அதன் பின்னணியில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் நின்றன. கைதிக்கும் அடிப்படை உரிமைகள் உண்டு, சட்டத்தின் வழியாகவன்றி அவற்றைக் கட்டுப்படுத்த முடியாது என்று 1972இல் அந்நீதிமன்றம் கூறியது. 1973ஆம் ஆண்டின் லேபாக் தீர்ப்பு, தண்டனை பெற்றவர் மீண்டும் சமூகத்தில் இணைவதை அரசியலமைப்பின் அக்கறையாக உயர்த்தியது. சட்டத்தின் 2ஆம் பிரிவு இதை எதிரொலித்து, சமூகப் பொறுப்போடும் குற்றமின்றியும் வாழக் கைதியை ஆற்றலுடையவராக்குவதே தண்டனை நிறைவேற்றத்தின் இலக்கு என்கிறது. 3ஆம் பிரிவு, சிறைவாழ்வு வெளியுலக வாழ்வோடு இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்கிறது.

கல்விக்கு இச்சட்டம் தாராளமாகவே இடமளித்தது. அடிப்படைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கு அதற்குரிய பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்பது 38ஆம் பிரிவு. அப்பாடம் வேலைநேரத்தில் நடைபெற வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. கற்பது வேலைக்குப் பின் எஞ்சும் களைப்பில் செய்யப்படும் காரியமாகிவிடக் கூடாது என்ற நுட்பமான கவனம் அதில் தெரிகிறது. வேலையை விட்டுக் கல்வியில் சேர்வோருக்கு உதவித்தொகை தர 44ஆம் பிரிவு வழிசெய்தது. தொலைக்கல்வியும் நூலகமும் 67ஆம் பிரிவில் இடம்பெற்றன. கொள்வோனை இச்சட்டம் நன்றாகவே அறிந்திருந்தது.

இனி நுவல்வோனைத் தேடுவோம். பணியாளரைப் பற்றிய 155ஆம் பிரிவு, ஒவ்வொரு சிறையிலும் தேவையான எண்ணிக்கையில் பல்வேறு தொழிற்பிரிவினர் இருக்க வேண்டும் எனக் கூறி, ஒரு பட்டியல் தருகிறது. காவற்பணியாளர், நிர்வாகத்தினர், தொழிற்கூடத்தினர் ஆகியோர் முதலில் வருகின்றனர். அவர்களுக்குப் பின் சமயகுருமார், மருத்துவர், கல்வியாளர், உளவியலாளர், சமூகப்பணியாளர் என்று எண்ணப்படுகின்றனர். கல்வியாளர் என்ற அந்த ஒரு சொல்லோடு, சட்டத்தின் பணியாளர் பகுதியில் ஆசிரியரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது.

பட்டியலில் அவருக்கு அருகில் நிற்பவர்களின் நிலை வேறு. சமயகுருமார் எவ்வாறு நியமிக்கப்பட வேண்டும், அவர்களுடைய சமய அமைப்பின் இசைவு எவ்வாறு பெறப்பட வேண்டும் என்பதற்கு 157ஆம் பிரிவு முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. மருத்துவருக்கு 158ஆம் பிரிவு. அதில் நோயாளரைப் பராமரிப்பவர் தாதியர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது. காயத்துக்குக் கட்டுப் போடுபவரின் தகுதியைச் சட்டம் கவனித்தது. எழுத்தறியாதவருக்கு எழுத்துக் கற்பிப்பவரின் தகுதியை அது கவனிக்கவில்லை. சட்டவியலார் இதற்கு எளிதாக விடை கூறுவர்: ஆசிரியரின் தகுதி வேறு சட்டங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது, இங்கே மீண்டும் சொல்லத் தேவையில்லை என்பர். மருத்துவரின் தகுதியும் தாதியின் தகுதியும் வேறு சட்டங்களில் வரையறுக்கப்பட்டவைதாம். ஆகவே அவ்விடை போதாது.

இன்னொரு சொல்லும் நம் கவனத்துக்குரியது. 37, 38ஆம் பிரிவுகள் எல்லாக் கைதிகளையும் பற்றிப் பேசவில்லை. 'தகுதியுள்ள' கைதிகளைப் பற்றியே பேசுகின்றன. தகுதி என்பது எது, அதை யார் எவ்வாறு அளப்பது என்பதைச் சட்டம் விரித்துரைக்கவில்லை. நடைமுறையில் அந்த அளவுகோல் பெரும்பாலும் ஆசிரியரின் கையில் வந்து விழுகிறது. புதிதாக வந்தவரைச் சோதித்து, இவர் வகுப்புக்கு உரியவர், இவர் உரியவரல்லர் என்று கருத்துரைக்க வேண்டியவர் அவரே. கற்பிப்பவரே வாயிற்காப்பவரும் ஆகிறார்.

2006இல் ஜேர்மன் கூட்டாட்சி முறையில் செய்யப்பட்ட சீர்திருத்தம், சிறைச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. பவேரியாவும் கீழ்ச் சாக்சனியும் ஹம்பூர்க்கும் விரைந்து தம் சட்டங்களை இயற்றின. பத்து மாநிலங்கள் 2011இல் ஒரு பொது மாதிரி வரைவை உருவாக்கின. 2016ஆம் ஆண்டளவில் பதினாறு மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய குறையைத் திருத்தப் பதினாறு வாய்ப்புகள் கிடைத்தன என்று கொள்ளலாம். என் வாசிப்பில், நிலைமை தேறவில்லை. சிலவிடங்களில் பின்னோக்கியும் சென்றது. தொழிற்பிரிவுகளை எண்ணிக் கூறும் பட்டியலுக்குப் பதிலாகத் 'தேவையான பணியாளர்' என்ற பொதுத்தொடர் வந்த இடங்களில், பழைய சட்டம் ஆசிரியருக்குத் தந்த அந்த ஒற்றைச் சொல்லும் போய்விட்டது.

மாணாக்கராகாதோர்

நன்னூல் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் உவமித்து, ஆசிரியராகாதோரையும் வகைப்படுத்திய பின், மாணாக்கரிடம் வருகிறது. அங்கே யாருக்கு நூல் சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் தருகிறது. கள்ளுண்டு களிப்பவன், சோம்பேறி, திருடன், நோயாளி, பிணக்குக் கொள்பவன், சினம் மிக்கவன், உறங்குபவன், மந்த அறிவினன், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவன், கொடியவன், பொய் பேசுபவன் என அப்பட்டியல் நீள்கிறது.

சிறை வகுப்பறையின் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதியதைப் போல இது அமைந்திருக்கிறது. போதைப்பொருளிலிருந்து மீள முயல்பவர், இரவெல்லாம் உறங்காமல் காலை வகுப்பில் உறங்குபவர், பள்ளி என்றாலே சிறுவயது அவமானம் நினைவுக்கு வந்து புத்தகத்தைக் கண்டு அஞ்சுபவர் ஆகியோரே அங்கு வந்து அமர்கின்றனர். பவணந்தியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆசிரியர் ஒருவருக்கு மாணாக்கரைத் தெரிவுசெய்யும் உரிமை இருந்தது. அவ்வுரிமையின் மேலேயே அவரது கற்பித்தல் முறை கட்டப்பட்டது. இன்றைய ஜேர்மன் ஆசிரியர் பயிற்சியும், வேறு சொற்களில், இதே அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது. அப்பயிற்சி கற்பனைசெய்யும் மாணாக்கர் ஒரு சிறுவர். அவருக்கு வீடு உண்டு, பெற்றோர் உண்டு, அடுத்த ஆண்டு அடுத்த வகுப்பு உண்டு.

ஜேர்மனியில் ஆசிரியராவதற்குப் பல்கலைக்கழகப் படிப்பும், அதன்பின் மாநிலத்துக்கேற்ப ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரையிலான செய்முறைப் பயிற்சியும் வேண்டும். இது கடுமையான பயிற்சி. உலகின் பல நாடுகள் இதைப் பொறாமையோடு நோக்கலாம். ஆனால் அதன் எந்தக் கட்டத்திலும் சிறை வகுப்பறை கட்டாயப் பகுதியாக இல்லை. மறுபுறம், சிறைக் காவற்பணியாளர் பெரும்பாலான மாநிலங்களில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதற்கென்றே அமைந்த கல்விக்கூடங்களில் பயிற்சி பெறுகின்றார். சட்டம், பாதுகாப்பு, மோதல் தணித்தல், உளவியல் என்பன அவர் கற்பவை. ஆசிரியரோ பணியிலமர்ந்த பிறகு பெறும் அறிமுகத்தைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆக, ஒரே தாழ்வாரத்தில், இடத்தை அறிந்தவர் கற்பிக்கப் பயிலாதவராகவும், கற்பிக்கப் பயின்றவர் இடத்தை அறியாதவராகவும் நிற்கின்றனர்.

இடம் என்று நான் சொல்வது சுவரையும் கம்பியையும் மட்டுமன்று. சிறை ஆசிரியர் இடுப்பில் சாவிக்கொத்தும் அவசர அழைப்புக் கருவியும் அணிந்துகொண்டு கரும்பலகையில் எழுதுகிறார். வகுப்பில் இருப்பவர் என்ன குற்றத்துக்காக வந்தவர் என்பதை அறிந்துகொள்வதா, அறியாமலிருப்பதா என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டும். வழக்கறிஞரின் வருகை, நீதிமன்ற நாள், பணியாளர் பற்றாக்குறையால் முன்கூட்டியே அறைகளைப் பூட்டுதல் ஆகிய எதுவும் வகுப்பைக் கலைத்துவிடலாம். கட்டற்ற இணையம் இல்லை. மாநிலங்கள் பலவற்றில் 'எலிஸ்' எனும் மூடிய கற்றல் தளம் பயன்படுகிறது, அதற்கும் கணினி அறையும் கண்காணிப்பவரும் வேண்டும். இடமாற்றம் எல்லாவற்றையும்விடக் கொடியது. ஓரிடத்தில் பின்னக்கணக்கைத் தொடங்கியவர் இன்னோரிடத்தில் அதை மீண்டும் தொடங்குகிறார். அங்கொரு கடியும் இங்கொரு கடியுமாக மேயும் ஆட்டைக் கடைமாணாக்கருக்கு உவமையாக்கினார் பவணந்தி. இங்கே மாணாக்கரை ஆடாக்குவது அவருடைய இயல்பன்று, இடமாற்றப் பட்டியல்.

எழுத்தறிவின் நிலையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹம்பூர்க் பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு லியோ ஆய்வின்படி, ஜேர்மனியில் 18 முதல் 64 வயது வரையிலானோரில் 62 இலட்சம் பேர், அதாவது 12.1 விழுக்காட்டினர், தொடர்ச்சியான எளிய பனுவலை வாசித்து எழுதும் ஆற்றல் போதாதவர்கள். அவ்வாய்வு தனியார் வீடுகளில் வசிப்போரை மட்டுமே கணக்கிலெடுத்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் சிறைகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. சிறை ஆசிரியரின் மாணாக்கர் நாட்டின் எழுத்தறிவுக் கணக்கிலும் இல்லை.

சான்றிதழில் மறையும் பெயர்

சட்டத்தின் 40ஆம் பிரிவு மிகச் சிறியது. கல்வி அல்லது தொழிற்பயிற்சியை முடித்தவரின் சான்றிதழிலிருந்து அவர் கைதியாக இருந்தார் என்பது தெரியக் கூடாது என்பதே அதன் பொருள். இதைவிட மனிதநேயம் மிக்க பிரிவு இச்சட்டத்தில் இல்லை என்று துணிந்து கூறுவேன். வேலை தேடிச் செல்பவரின் கையிலுள்ள தாள் அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றமொன்று எண்ணியது பெரிய செய்தி.

அதன் மறுவிளைவையும் நோக்க வேண்டும். சான்றிதழை வெளியிலுள்ள ஒரு பள்ளியோ தேர்வு அமைப்போ வழங்குகிறது. அதன் பெயரே தாளில் நிற்கிறது. மாணவர் வெளித்தேர்வராகத் தோன்றித் தேறியவராகிறார். அவரை அந்நிலைக்குக் கொண்டுவந்த ஆசிரியரும் வகுப்பறையும் பதிவிலிருந்து நீங்கிவிடுகின்றனர். கைதிக்குக் காப்பாக அமைந்த மறைப்பு, ஆசிரியருக்கு அழிப்பாக அமைகிறது. 40ஆம் பிரிவை மாற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை, மாற்றவே கூடாது. ஆனால் ஒரு தொழிலின் விளைவுகள் பதிவாகாத இடத்தில் அத்தொழிலின் தேவைகளும் பதிவாவதில்லை. பயிற்சி வேண்டும் என்று கேட்பவர் தம் பணியின் பயனைக் காட்ட வேண்டியிருக்கிறது. அப்பயனோ வேறொருவரின் முத்திரையின் கீழ் வெளியே போய்விட்டது. ஆகவே, சான்றிதழுக்கு வெளியே, மாணவரின் பெயரின்றி ஆசிரியரின் பணியைப் பதிவுசெய்யும் முறையொன்று தனியே வேண்டப்படுகிறது. சிறை ஆசிரியர்களின் கூட்டாட்சிச் சங்கமும் ஐரோப்பியச் சிறைக்கல்விச் சங்கமும் இவர்களுக்கு ஒரு குரலைத் தந்திருக்கின்றன. சங்கத்தின் குரல் சட்டத்தின் குரலாகிவிடாது.

நிர்வாக நிலையும் இம்மறைவைக் கூட்டுகிறது. பல மாநிலங்களில் இவ்வாசிரியர் கல்வி அமைச்சின் பணியாளர் அல்லர், நீதி அமைச்சின் பணியாளர். பள்ளி விடுமுறை பொதுவாக அவருக்கில்லை. பதவி உயர்வின் படிகள் குறைவு. பாடத்திட்டம் மாறும்போது அதைப் பற்றிய பயிற்சிக்கூட்டம் கல்வி அமைச்சில் நடக்கும். பாதுகாப்பு விதி மாறும்போது அதைப் பற்றிய கூட்டம் சிறையில் நடக்கும். இரண்டாவதற்கு அவர் கட்டாயம் அழைக்கப்படுவார். ஒரு சிறிய சிறையில் அவர் தனியொருவராகவே இருக்கலாம். ஆசிரியர் அறை என்பது தேநீர் அருந்தும் இடம் மட்டுமன்று, ஒருவர் தோல்வியை மற்றொருவர் கேட்டுத் திருத்தும் இடம் என்பதை உணர்ந்தவர்கள் இத்தனிமையின் பொருளை அறிவார்கள்.

ஒப்பந்த அடிப்படையில் மணிக்கணக்கில் வந்து கற்பிப்போரின் நிலை இன்னும் நலிந்தது. 155ஆம் பிரிவே சிறப்புக் காரணங்களிருப்பின் இத்தகையோரை அமர்த்த இடமளித்தது. மொழி வகுப்புகளில் இவர்கள் அதிகம். ஜேர்மன் சிறைகளில் இருப்போரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் வெளிநாட்டுக் குடியுரிமையுடையோர் என்பதால், ஜேர்மன் மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல் இன்று சிறைக்கல்வியின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. வெளியே, 2005இல் தொடங்கிய ஒருங்கிணைப்பு வகுப்புகளில் கற்பிக்க, குடியேற்றத்துக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் அனுமதி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். சிறைகள் தாமாக ஏற்பாடுசெய்யும் மொழி வகுப்புகளுக்கு அத்தகைய நாடு தழுவிய ஒரே நிபந்தனை இல்லை. 2022 ஜூன் 28இல் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் ஹெரன்பெர்க் நகர இசைப்பள்ளி ஆசிரியையின் வழக்கில், சுயதொழிலர் என்று ஒப்பந்தம் கூறினாலும் அவர் உண்மையில் ஊழியரே என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வளர்ந்தோர் கல்வித்துறை முழுவதையும் உலுக்கியது. நேரமும் இடமும் வாயிற்கதவும் முற்றிலும் பிறர் கையிலிருக்கும் சிறை வகுப்பில், அங்கு மணிக்கணக்கில் கற்பிப்பவர் சுயதொழிலர் என்று சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே முடிவுசெய்யலாம்.

கட்டுரைப் பயிற்சி எனும் இக்கட்டு

மொழியும் இலக்கியமும் கற்பிப்பவன் என்ற முறையில் என் கவனத்தை மிக ஈர்ப்பது எழுத்து வகுப்பு. பள்ளிச் சான்றிதழுக்குரிய ஜேர்மன் மொழிப்பாடத்தில் கட்டுரை எழுதுதல் உண்டு. தன் அனுபவத்தை எழுது என்பது உலகெங்கும் ஆசிரியர்கள் தரும் முதற்பயிற்சி. எழுதத் தயங்குபவருக்கு அதைவிட எளிய வாசல் இல்லை. சிறையில் அவ்வாசல் வேறிடத்துக்குத் திறக்கிறது.

சட்டத்தின் 182ஆம் பிரிவு, தம்மிடம் நம்பிக்கையோடு சொல்லப்பட்ட இரகசியங்களைச் சிறை நிர்வாகத்திடமிருந்துகூடக் காக்க வேண்டியவர்களை வரையறுக்கிறது. அது சுட்டுவது குற்றவியல் கோவையின் 203ஆம் பிரிவிலுள்ள மூன்று தொழில்களை: மருத்துவர், உளவியலாளர், அரச அங்கீகாரம் பெற்ற சமூகப்பணியாளர். சமயகுருவுக்கு அவரது பதவியே காப்பு. ஆசிரியர் இப்பட்டியலில் இல்லை. அரச பணியாளர் என்ற முறையில் அவர் வெளியாருக்கு எதையும் சொல்லக் கூடாது. ஆனால் சுவருக்கு உள்ளே, நிர்வாகத்தின் முன், அவருக்கென்று தொழில்வழிக் காப்பு எதுவும் எழுதப்படவில்லை. ஒரு மாணவர் தன் கட்டுரையில் இதுவரை எவரும் அறியாத ஒரு செயலைப் பற்றி எழுதினால், அது இலக்கியமா, வாக்குமூலமா? தன்னைத் தானே முடித்துக்கொள்வது பற்றி ஒரு கவிதை எழுதினால், சந்தத்தைத் திருத்துவதா, காவலரை அழைப்பதா? பின்னதில் ஐயமில்லை, உயிர் முதலில். ஆனால் முன்னதற்கும் பின்னதற்கும் இடையில் நூறு நிலைகள் உள்ளன. தண்டனைத் திட்டத்தை மீளாய்வுசெய்யும் கூட்டத்தில் ஆசிரியரின் கருத்தும் கேட்கப்படுகிறது. அங்கே அவர் வகுப்பில் வாசித்த குறிப்பேட்டை மறந்துவிட்டுப் பேச முடியுமா?

இதனால் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் சொந்த வாழ்வை எழுதச் சொல்வதைத் தவிர்த்து, சமையற்குறிப்பு, கால்பந்தாட்ட வருணனை, விண்ணப்பக் கடிதம் என்று பாதுகாப்பான பொருள்களுக்குத் திரும்பிவிட நேரலாம். அது தவறன்று. ஆனால் கற்பித்தலின் ஒரு முழுத்துறை அச்சத்தினால் மூடப்படுகிறது; அவ்வாறு மூடப்பட்டது எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை. பெர்லின் தேகல் சிறையில் 1968 முதல் கைதிகளே தணிக்கையின்றி நடத்தும் 'லிக்ட்பிளிக்' இதழ், எழுத்து சிறைக்குள் எவ்வளவு தூரம் செல்லக் கூடும் என்பதற்குச் சான்று. அது வகுப்பறைக்கு வெளியே வளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியரை நடுவில் வைத்த ஒரு முயற்சி ஜேர்மனியிலேயே முன்னர் இருந்தது. 1921இல் ஹம்பூர்க்குக்கு அருகே எல்பே ஆற்றுத் தீவாகிய ஹானோஃபர்சாண்டில் இருந்த இளையோர் சிறையில் கூர்ட் பொண்டி, வால்டர் ஹெர்மன் என்னும் இரு இளம் கல்வியாளர்கள் பணியில் சேர்ந்தனர். தண்டனையைக் கல்வியாக மாற்ற முடியும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் கைதிகளோடு கழித்த காலம் நீண்டதன்று. அதிலிருந்து பொண்டி 1925இல் இளையோர் சிறைத்தண்டனையின் கல்விச் சிக்கல்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். தண்டனை நிறைவேற்றத்தின் மையச் சிக்கல் அதில் பணியாற்றுவோரின் தெரிவும் பயிற்சியுமே என்ற எண்ணம் அந்தத் தலைமுறைச் சீர்திருத்தவாதிகளிடம் வலுவாக இருந்தது. யூதராகிய பொண்டி 1933இல் பதவியிழந்தார். பின்னர் நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. போருக்குப் பின் ஹம்பூர்க் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தலைமுறையின் இலக்கை எடுத்துக்கொண்டது. அதை அடையும் கருவியைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்ப் பக்கம்

தமிழில் சிறை என்றால் நம் நினைவுக்கு வருபவர் அரசியற் கைதி. ராஜாஜியின் வேலூர்ச் சிறைக் குறிப்புகள், வ.உ.சி.யின் தன்வரலாறு முதலியன அம்மரபின் தூண்கள். ஈழத்தவராகிய எங்களுக்கு, 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதன் பின், அச்சொல்லை வேறு பொருளில் கேட்பதே கடினமாயிற்று. இவ்வெழுத்துகளில் கைதி தானே கற்கிறார். அல்லது பிறருக்குக் கற்பிக்கிறார். கண்ணனூர்ச் சிறையில் வ.உ.சி. சக கைதிகளுக்கு நீதிநூல்களைப் பாடஞ்சொன்னார். மெய்யறிவு, மெய்யறம் ஆகிய நூல்கள் அச்சிறைவாழ்வோடு பிணைந்தவை. நன்னூல் விலக்கிய கள்வருக்கும் சினத்தருக்கும் தமிழறிஞர் ஒருவர் பாடஞ்சொன்ன நிகழ்ச்சியாக இதை நம் ஆய்வாளர் வாசித்தாரில்லை. தியாக வரலாற்றின் ஒரு துணுக்காகவே அது நின்றுவிட்டது. கற்பித்தல் வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் வெறுமையாக உள்ளது.

இன்றைய தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில், சிறைவாசிகள் எத்தனை பேர் தேறினர் என்பது நாளிதழ்ச் செய்தியாகிறது. அச்செய்தியில் ஆசிரியர் தோன்றுவது அரிது. கிரண் பேடி தலைமையேற்றிருந்த 1993-95ஆம் ஆண்டுகளில் தில்லி திகார் சிறையில் படித்த கைதி படியாத கைதிக்குக் கற்பிக்கும் முறை புகழ்பெற்றது. அதன் மதிப்பைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கைதியே ஆசிரியராகும் ஏற்பாடு, ஊதியமும் பயிற்சியும் தர வேண்டிய கடமையிலிருந்து அரசை விடுவித்துவிடும் ஏற்பாடாகவும் ஆகலாம். வ.உ.சி.யிடமிருந்து நாம் பெற்ற படிமமும் இதற்கு ஒத்தாசையாக இருந்துவிடக் கூடாது.

ஐரோப்பிய அவையின் அமைச்சர் குழு 1989 அக்டோபர் 13இல் சிறைக்கல்வி பற்றி ஏற்ற பரிந்துரை, ஆசிரியர்கள் வளர்ந்தோருக்குரிய கற்பித்தல் முறைகளைக் கைக்கொள்ளும்படி பயிற்சித் திட்டங்கள் அமைக்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறியது. 2006ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறை விதிகள், கல்வி இயன்றவரை வெளிக் கல்வி நிறுவனங்களின் பொறுப்பில் நடைபெற வேண்டும் என்கின்றன. நோர்வே இதை முழுமையாகச் செய்கிறது. அங்கே பள்ளியும் நூலகமும் மருத்துவமும் வெளியிலிருந்து உள்ளே வருகின்றன. ஆசிரியர் உள்ளூர்ப் பள்ளியின் ஆசிரியரே. ஜேர்மன் ஆசிரியர்களிடையே இதற்கு ஒருமித்த ஆதரவு இல்லை. சிறையின் பணியாளராக இருப்பதனாலேயே கைதியின் திட்டத்தைப் பற்றிய கூட்டத்தில் தமக்குக் குரல் உண்டு, வெளியாரானால் அதை இழப்போம் என்று கூறுவோர் உளர். அவ்வாதத்துக்கு வலிமை உண்டு. எனினும் என் நிலைப்பாடு நோர்வேயின் பக்கமே சாய்கிறது. அறிக்கை எழுத வேண்டிய கடமை குறையும்போது, வாசிக்கும் உரிமை கூடுகிறது. நிறைகோலை ஆசிரியருக்கு உவமையாக்கியவர் அதன் நடுநிலையைக் கருதியே ஆக்கினார். ஒரு தட்டில் நிர்வாகத்தின் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுநிலை காப்பது அரிது.

எந்த அமைச்சின்கீழ் இருப்பினும் பயிற்சி தேவைப்படும். வளர்ந்தோருக்கு முதலெழுத்துக் கற்பித்தல், இரண்டாம் மொழி கற்பித்தல், போதைப்பழக்கமும் மனக்காயமும் கற்றலை எவ்வாறு பாதிக்கின்றன என்பது, பாதியில் வந்து பாதியில் போகும் மாணவருக்கேற்பப் பாடத்தைச் சிறு அலகுகளாக அமைத்தல் ஆகியவற்றுக்கு அறிவுத்துறைகள் ஏற்கெனவே உள்ளன. பல்கலைக்கழகங்கள் அவற்றை ஒரு பாடநெறியாகத் தொகுத்தால் போதும். தொகுக்கப்படாதது எழுத்து வகுப்பின் இரகசியம் பற்றிய அறம். மருத்துவருக்கும் சமூகப்பணியாளருக்கும் சட்டம் வழங்கிய காப்பை ஆசிரியருக்கும் நீட்டுவதா என்பது சட்டமன்றங்கள் முடிவுசெய்ய வேண்டியது. அதுவரை, முதல் வகுப்பில், எவரும் பேனாவை எடுக்குமுன், நீங்கள் எழுதுவதில் எதை நான் எனக்குள் வைத்துக்கொள்ள முடியும், எதை மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பதை ஆசிரியர் மாணவருக்கு எளிய மொழியில் சொல்லிவிட வேண்டும். வாசிக்கத் தடுமாறுபவருக்கும் கேட்டவுடன் விளங்கும்படி, ஐந்தாறு வாக்கியங்களில், அதற்கான வாசகம் எழுதப்பட வேண்டும். ஜேர்மன் மொழியில் மட்டுமன்றி, அவ்வகுப்புகளில் அமர்ந்திருப்போர் பேசும் மற்ற மொழிகளிலும்.